கதவு எண் 47

சில வருடங்களுக்கு முன் ப்ராஜெக்ட் விஷயமாக நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை, ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன சரடோகா ஸ்பிரிங்ஸ் வரை போய்வந்தோம். அங்கே ஃபைலா தெருவில் 47ஆம் எண் கட்டடத்தின் மாடியில் 'கஃபே லீனா'. கிடாரும் கையுமாக வந்து நாட்டுப்பாடல் பாடுகிறவர்களுக்கான சின்னக் கூடம் என்றார் கூட வந்த நண்பர். நேரமாகிவிட்டது என்று படியேறாமலே திரும்பிவிட்டோம். அந்த வருத்தத்தில்தான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1960 மே மாதம் பில், லீனா ஸ்பென்சர் தம்பதி இதைத் திறந்தார்கள். சில வருடம் நடத்திப் பணம் சேர்த்துக்கொண்டு ஐரோப்பா போய்விடுவது திட்டம். அப்போது உட்கார இடம் சுமார் 85 பேருக்குத்தான். மது கிடையாது, காபிதான். அடுத்த வருடமே, முதல் இசைத்தட்டுகூட வெளிவராத பாப் டிலன் என்ற பையன் இங்கே வந்து பாடினான். கூட்டம் கண்டுகொள்ளாமல் பேசிக்கொண்டிருந்தது என்பது இன்றும் சொல்லப்படும் கதை.

எங்கள் தொழிலில் எதை எடுத்தாலும் முதல் கேள்வி, 'இது ஸ்கேல் ஆகுமா?' என்பதுதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 85 நாற்காலி, டிக்கெட் 20 டாலர் என்று வைத்துக்கொண்டால், அரங்கு நிறைந்தாலும் ஒரு இரவுக்கு 1,700 டாலர். அதில் பாடகருக்குக் கொடுக்க வேண்டும், வாடகை, மின்சாரம், ஆள் செலவு. மதுக்கடைக்கு லாபம் குடியில் வரும்; ஆனால் குடிக்கிற கூட்டம் பாட்டைக் கேட்காது. ஆக, கேட்பதற்கென்றே ஒரு இடம் வைத்தால் நஷ்டம் கட்டடத்தோடு கூடவே வருகிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இதே மாதிரி இன்னொரு இடம் உண்டு. வேடிக்கை என்னவென்றால் அதுவும் 47! மவுண்ட் ஆபர்ன் தெரு 47ஆம் எண்ணில் 1958இல் 'கிளப் 47' தொடங்கியது. ஜாஸ் இசைக்காகத் திறந்த இடம். அங்கே ஜோன் பாயெஸ் பாட வந்தபோது வயது 17, சம்பளம் பத்து டாலர். 1963இல் பால்மர் தெருவில் ஒரு நிலவறைக்குக் குடிபோனது, கதவு எண் அங்கேயும் 47. ஆனால் 1968இல் மூடிவிட்டார்கள். சிறிய கூடத்தில் பாடி வளர்ந்தவர்களின் தொகை அந்தக் கூடம் தரக்கூடியதைத் தாண்டிப் போய்விட்டது. கூட்டமும் மின்கிடார் பக்கம் சாய்ந்திருந்தது. அதாவது, தான் செய்யவேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்ததே கிளப்புக்கு வினையாகப் போயிற்று.

அப்படியானால் லீனா எப்படித் தாக்குப்பிடித்தார்? கணவர் சில வருடங்களிலேயே பிரிந்து போய்விட்டார். ஐரோப்பாக் கனவு போனது. லீனா மட்டும் போகவில்லை. ஒருவர் பெரிய ஆளாகிப் போனால் அடுத்து முகம் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு மேடையேற்றினார். காசு சேர்ந்ததா என்றால் இல்லை. 29 வருடம் இப்படியே ஓடியது. கடைசியில் அந்த மாடிப்படியிலேயே தவறி விழுந்து, 1989இல் இறந்தார்.

வழக்கமாக இத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் நண்பர்களும் ரசிகர்களும் கூடி அதை லாப நோக்கில்லாத அமைப்பாக நடத்த ஆரம்பித்தார்கள். கேம்பிரிட்ஜிலும், அதே நிலவறையில் பின்னாளில் 'பாஸிம்' என்ற பெயரில் கச்சேரி மறுபடி வந்தது. 1990களில் அதுவும் லாப நோக்கற்ற அமைப்பானது. டிக்கெட் பணத்தால் மட்டும் இந்த இடங்கள் ஓடவில்லை. நன்கொடையும், சம்பளம் வாங்காமல் நாற்காலி போடுகிறவர்களும் சேர்ந்துதான் ஓட்டுகிறார்கள். 2016இல் கஃபே லீனாவைப் புதுப்பித்தபோது லிஃப்ட் வைத்தார்கள். இருக்கைகள் சுமார் 110 ஆயின. அறுபது வருடத்துக்குக் கூடுதலாகக் கிடைத்தது 25 நாற்காலி!

இப்போதும் அவ்வப்போது இரண்டு இடங்களின் வரப்போகும் கச்சேரிப் பட்டியலையும் எட்டிப் பார்ப்பேன். பாதிப் பெயர் யாரென்றே தெரியாது. 1961இல் டிலன் பெயரைப் பார்த்தவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். உங்கள் ஊரில் இப்படி ஒரு சின்னக் கூடம் இருந்தால், தெரியாத பெயராகப் பார்த்து ஒரு டிக்கெட் வாங்குங்கள். என்னை மாதிரி வாசலோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.