முப்பத்தைந்து வயதில் ஓய்வு



போன மாதம் மகள் வீட்டுக்கு டெல்லி போனேன். விமானத்தில் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்மணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காதோரம் நரை. குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் கேட்ட ஒரு தாயிடம் புட்டியை வாங்கி, கழுவி, தானே கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். என் பக்கத்து இருக்கைக்காரர் நன்றாகப் படித்த மனிதர். "இந்த வயசுலயும் இவங்கள ஏன் இந்த வேலையில வெச்சிருக்காங்க?" என்று என்னிடம் கேட்டார். அதே வண்டியின் மறுமுனையைப் பிடித்திருந்த ஆணுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அவரைப் பற்றி இவர் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவர் கேட்ட கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி என்பது நினைவுக்கு வந்தது. இருபது முப்பது ஆண்டுகள் உங்களுக்கு வரலாறு நடத்தியும் இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. அந்தக் கடனை இப்போது தீர்க்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

விமானப் பணிப்பெண் என்ற வேலை தொடங்கியது 1930இல். அமெரிக்காவில் எலன் சர்ச் என்ற செவிலியர் விமானம் ஓட்டவும் கற்றிருந்தார். போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தை அணுகினார். பெண்ணை விமானியாக எடுத்துக்கொள்ள அந்தக் காலத்தில் யாரும் தயாராக இல்லை. ஆனால் விமானம் ஏறப் பயப்படுகிறவர்கள், வாந்தி எடுக்கிறவர்களைக் கவனிக்கச் செவிலியர்களை வைத்துக்கொள்ளலாமே என்ற அவருடைய யோசனை எடுபட்டது. 1930 மே 15 அன்று கலிஃபோர்னியாவிலிருந்து சிகாகோவுக்குப் போன விமானத்தில் அவர் பணியில் இருந்தார். அவரோடு சேர்த்து முதலில் எடுக்கப்பட்டவர்கள் 8 பேர், அனைவரும் செவிலியர்கள். அவர்களுக்கு வைத்த நிபந்தனைகளைப் பாருங்கள்: வயது 25க்குள், எடை சுமார் 52 கிலோவுக்குள், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. செவிலியராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பின்னாளில் போய்விட்டது. மற்றவை அத்தனை சுலபமாகப் போகவில்லை. பல அமெரிக்க நிறுவனங்கள் 32 அல்லது 35 வயதில் பெண்களை வெளியே அனுப்பின. 1964இல் அங்கே சிவில் உரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு அதற்கான ஆணையம் கதவைத் திறந்ததும் முறையிட வந்த முதல் ஆட்களில் விமானப் பணிப்பெண்களும் இருந்தார்கள். 1970களின் தொடக்கத்திலேயே அங்கு இந்த விதிகள் நீதிமன்றங்களில் விழத் தொடங்கின.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஏர் இந்தியா 1953இல் நாட்டுடைமை ஆனது. அப்போது அரசு நிறுவனம் என்பதால் அரசியலமைப்புச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தியது. அதன் பணி விதிகளில் 46, 47 என்று இரண்டு விதிகள். பணிப்பெண் ஒருவர் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும். வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும். முதல் கர்ப்பம் தரித்தாலும் வேலை போய்விடும். இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அது. 35க்கு மேல் மேலாண்மை இயக்குநர் விருப்பப்பட்டால் வருடா வருடம் நீட்டிப்புக் கொடுக்கலாம், 45 வரை. அதே விமானத்தில் வேலை செய்யும் ஆணுக்கு ஃபிளைட் பர்சர் என்று பெயர். அவருக்கு ஓய்வு வயது 58. அவர் கல்யாணம் செய்துகொள்ளலாம், பத்துப் பிள்ளையும் பெறலாம்.

நான் 1984இல் வேலையில் சேர்ந்தேன். பதினோராம் மாதம் கல்யாணம். இரண்டு பிரசவ விடுப்பு எடுத்தேன். 58 வயது முடிந்து 2017இல் ஓய்வு பெற்றேன். அந்த விதி ஆசிரியைகளுக்கு இருந்திருந்தால் நான் ஒரு வருடம் கூட வகுப்பில் நின்றிருக்க மாட்டேன், இதைப் படிக்கும் உங்களில் ஒருவரையும் எனக்குத் தெரிந்திருக்காது. உண்மையைச் சொன்னால், 35 வயதுக்குப் பிறகுதான் எனக்குப் பாடம் நடத்தவே சரியாக வந்தது. முதல் சில வருடங்களில் என்னிடம் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

1965இலும் 1972இலும் இரண்டு தொழில் தீர்ப்பாயங்கள் இந்தத் தகராறைக் கேட்டன. விதியின் அடிப்படை மாறவில்லை. பிறகு நர்கிஸ் மீர்சா என்ற பணிப்பெண்ணும் மற்றவர்களும் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1981 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு. மூன்று நீதிபதிகள், மூவரும் ஆண்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி முர்தாசா ஃபசல் அலி. உடன் இருந்தவர்கள் ஏ. என். சென், ஏ. வரதராஜன். இந்த வரதராஜன் நம் ஜோலார்பேட்டையில் பிறந்தவர். உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தலித் நீதிபதி. பொது அறிவுப் போட்டிக்குத் தயாராகும் பேரப்பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம்.

கர்ப்பமானால் வேலை நீக்கம் என்ற விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. நான்கு ஆண்டுகள் காத்திருந்து கல்யாணம் செய்துகொண்டவளிடம் பிள்ளை பெறாதே என்று சொல்வது கொடுமை, இந்தியப் பெண்மைக்கே அவமதிப்பு என்ற பொருள்படக் கடுமையாகவே எழுதினார்கள். நீட்டிப்புக் கொடுக்கும் அதிகாரத்தை ஒரு தனி மனிதரின் விருப்பத்துக்கு விட்டதும் செல்லாது என்றார்கள். அதனால் உடல் தகுதி இருந்தால் 45 வரை பறக்கலாம் என்ற நிலை வந்தது. பயணிகளிடம் பழக இளமையும் அழகும் வேண்டும் என்ற நிறுவனத்தின் வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. என் பக்கத்து இருக்கைக்காரருக்கான பதில் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

பாதி வெற்றி இதுதான். மீதிப் பாதியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் கூடாது என்ற விதி செல்லும் என்றது அதே தீர்ப்பு. 19 முதல் 26 வயதில் வேலைக்கு வரும் பெண் நான்கு ஆண்டு பொறுத்தால் பக்குவம் வரும், உடல்நலத்துக்கு நல்லது, நாட்டின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கும் உதவும், நிறுவனத்துக்குப் புதிய ஆள் எடுக்கும் செலவும் மிச்சம் என்று காரணங்கள் சொன்னார்கள். முதல் கர்ப்பத்துக்குப் பதிலாக, இரண்டு குழந்தைகள் உயிரோடு இருந்து மூன்றாவது தரித்தால் வேலை நீக்கம் என்று திருத்திக்கொள்ளலாம் என்ற யோசனையும் அவர்களுக்கு ஏற்புடையதாகத்தான் இருந்தது. மூன்று பிள்ளை பெற்ற பர்சரைப் பற்றிப் பேச்சே இல்லை.

சரி, சமத்துவம் என்ன ஆயிற்று? அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. 15, 16ஆம் பிரிவுகள் பால் வேறுபாட்டின் காரணமாக 'மட்டும்' பாகுபாடு காட்டக் கூடாது என்கின்றன. அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் எல்லாம் வழுக்கியது. பெண் என்பதற்காக மட்டும் இந்த விதி இல்லை, பணிப்பெண்கள் தனிப் பணிப்பிரிவு, பர்சர்கள் தனிப் பணிப்பிரிவு, இரண்டுக்கும் சேரும் தகுதி வேறு, பதவி உயர்வு வேறு, பணி நிபந்தனை வேறு, ஆகவே ஒப்பிடவே முடியாது என்றது நீதிமன்றம். என்ன வேறுபாடுகள் என்று பார்த்தால், அவற்றில் ஒன்று இது: பணிப்பெண் திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும், பர்சருக்கு அப்படி இல்லை! கணக்குப் பரீட்சையில் நிரூபிக்க வேண்டியதையே 'கொடுக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு நிரூபணம் முடித்த பையன்கள் சிலர் என்னிடம் படித்திருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். அந்த விடைத்தாள்தான் எனக்கு நினைவு வந்தது. வேறு வேறு விதி போட்டு இரண்டு பிரிவாக ஆக்கியது நிறுவனம். இரண்டும் வேறு பிரிவு என்பதால் வேறு விதி போடலாம் என்றது தீர்ப்பு.

அந்தக் காலத்தில் வேறு மாதிரி யோசித்த நீதிபதிகள் இல்லாமல் இல்லை. இதற்கு இரண்டே ஆண்டு முன்பு, 1979இல், முத்தம்மா வழக்கு. குடகைச் சேர்ந்த சி. பி. முத்தம்மா நம் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியில் பெண் அதிகாரி திருமணத்துக்கு அரசின் அனுமதி பெற வேண்டும், குடும்பம் வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் விலகச் சொல்லலாம் என்று விதி இருந்தது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அந்த விதிகளை வெளுத்து வாங்கினார். குடும்பத்தால் பெண்ணின் வேலை கெடும் என்றால் ஆணின் வேலை கெடாதா என்ற நேரான கேள்விதான் அவருடையது. அவர் 1980 நவம்பரில் ஓய்வு பெற்றுவிட்டார். ஓர் ஆண்டு பிந்தியிருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது. வரலாற்று ஆசிரியை இப்படியெல்லாம் நினைக்கக் கூடாதுதான்.

1989இல் மத்திய அரசு தலையிட்டு, பணிப்பெண்களும் 58 வரை வேலையில் இருக்கலாம் என்று உத்தரவிட்டது. ஆனால் 45க்கு மேல் தரைப்பணி. பிறகு அது 50 ஆனது. தரையில் உட்கார்ந்தும் சம்பளம் வாங்கலாமே, இதில் என்ன குறை என்று தோன்றலாம். விமானப் பணியாளர் வருமானத்தில் பெரும் பங்கு பறக்கும் நேரத்துக்கும் வெளிநாட்டில் தங்குவதற்குமான படிகள். பறக்காவிட்டால் அது கிடையாது. ஆணுக்கோ 58 வரை பறக்கத் தடை இல்லை.

இங்கே நிர்வாகத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆண்களும் பெண்களும் சேர்ந்திருந்த கேபின் ஊழியர் சங்கம் நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தங்களிலேயே இந்த வேறுபாடு ஏற்கப்பட்டிருந்தது. நான் எங்கள் ஆசிரியர் சங்கத்தில் சந்தா கட்டியவள், ஊர்வலம் போனவள். அதனால் இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது. யசஸ்வினி மெர்ச்சன்ட் உள்ளிட்ட பணிப்பெண்கள் வழக்குப் போட, 2001இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இது பாகுபாடு என்றது. 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மேல்முறையீட்டுக்குப் போனவர்களில் சங்கமும் உண்டு. பெண்களிலேயே ஒரு பகுதியினர் 50க்கு மேல் தரைப்பணியை விரும்பினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருபது வருடம் தூக்கம் கெட்டுப் பறந்தவர்களுக்கு அந்த ஆசை இருக்காதா? விரும்புகிறவர் இறங்கட்டும், விரும்பாதவரை ஏன் இறக்க வேண்டும் என்பதுதான் மற்றவர்கள் கேட்டது. பெண்களும் 58 வரை பறக்கலாம் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. விமானத்துக்குள் ஊழியர்கள் அனைவரையும் மேற்பார்வை செய்யும் பதவி ஆண்களுக்கே என்று வைத்திருந்தார்கள். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் பெண் அங்கே போக முடியாது. 2005இல் ஏர் இந்தியாவே அதைப் பெண்களுக்கும் திறந்துவிட்டது. எதிர்த்து வழக்குப் போட்டது யார் தெரியுமா? ஆண் ஊழியர்களின் தரப்பு, சங்கத்தோடு சேர்ந்து. நாங்கள் தனிப் பணிப்பிரிவு, அது எங்களுக்கான பதவி என்றார்கள். 1981இல் நிர்வாகத்துக்குப் பயன்பட்ட அதே சொல்தான். டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2011 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அவர்களுடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

1981இல் வழக்காடியவர்களில் அன்று 30 வயதைத் தாண்டியிருந்தவர்கள், இந்தத் தீர்ப்பு வந்தபோது அறுபதைக் கடந்திருப்பார்கள்.

டெல்லியில் இறங்கும்போது அந்தப் பெண்மணி வாசலில் நின்று வணக்கம் சொன்னார். எத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். முப்பத்திரண்டு என்றார். எனக்கு முப்பத்து மூன்று என்றேன். நான் ஆசிரியை என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, "எந்த ஸ்கூல் டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பின்னால் வரிசை நெருக்கியது. பதில் சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டேன்.

சட்டம் படித்த மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், 'மட்டும்' என்ற அந்தச் சொல்லை இப்போது நீதிமன்றங்கள் எப்படிப் பார்க்கின்றன என்று கீழே எழுதுங்கள். டீச்சருக்கும் புரியும்படி எழுதுங்கள்.