கொல்லைப்புறத்துக் கார்புரேட்டர் வைத்தியம்

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளிலும் உத்தர வீதிகளிலும் உள்ள பழைய வீடுகள் திண்ணையில் தொடங்கி, ரேழி, கூடம், முற்றம் என்று நீண்டு, கொல்லைக் கிணற்றடியில் போய் முடிபவை. அந்தக் கிணற்றடித் துவைகல்லின்மேல் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைப் பிரித்துப் பரப்பி, பெட்ரோல் பாயும் துவாரமுடைய, குன்றிமணி அளவேயான பித்தளை ஜெட்டை இரு விரல்களால் பற்றி ஆகாயத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் உற்றுநோக்கும் கிருகஸ்தரை, நான் சிறுவனாயிருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவதொரு வீட்டில் காணலாம். துவாரத்தில் வெளிச்சம் தெரிந்தால் வண்டி கிளம்பும். தெரியாவிட்டால் அன்றைக்குக் காந்தி மார்க்கெட்டிலிருந்து காய்கறி வராது.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து யந்திரத்துக்கு ஊட்டும் இந்த உபாயம் பிறந்த கதையில் ஒரு பூக்காரி வருகிறாள். 1893-ஆம் வருஷம் ஹங்கேரி தேசத்தில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்ற இருவர், துவாரத்தின் வழியே பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கோரினார்கள். ஜெர்மனியில் மேபாக் என்பவரும் ஏறக்குறைய அதே சமயத்தில் அதே யுக்தியைக் கண்டார். புடாபெஸ்ட் நகரத்து வீதியோரத்தில் குழாயை ஊதி மலர்களின்மேல் நீர்த்திவலைகளைத் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தபோதுதான் பாங்கிக்கு இந்த எண்ணம் உதித்தது என்பது கர்ணபரம்பரை. இது எவ்வளவு தூரம் வாஸ்தவமோ, ரங்கவிலாச மண்டபத்தருகே கதம்பத்தின்மேல் கையால் நீர் தெளிக்கும் பூக்காரிகளைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதை ஞாபகம் வருகிறது.

நம் பக்கத்தில் யந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆசைக்கு மூலபுருஷராக ஜி.டி. நாயுடுவைச் சொல்வது பொருந்தும். துரை ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோயம்புத்தூர் ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அதையே விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்தவர் அவர். ஆனால் அந்த ஆசை சாமானியர் வீட்டுச் சம்பிரதாயமாக மாறியதற்குக் காரணம் ஞானதாகம் அன்று, தட்டுப்பாடே என்பது என் அபிப்பிராயம். 1955-இல் என்ஃபீல்டு புல்லட் சென்னையில் உருவாகத் தொடங்கியது. 1961-இல் மைசூரிலிருந்து ஜாவா வந்தது. ஆயினும் லைசென்ஸும் பர்மிட்டும் ஆண்ட அக்காலத்தில் வண்டிக்கே காத்திருக்க வேண்டுமென்றால், அதன் உறுப்புக்குக் காத்திருப்பதைக் கேட்பானேன்? மாற்று ஜெட்டு எளிதில் கிடைக்காத ஊரில், உள்ள ஜெட்டைக் கண்ணின் மணிபோல் காப்பாற்றுவதைத் தவிர வேறு மார்க்கம் இருக்கவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலும், 1965-இல் திருவெறும்பூரில் நிறுவப்பட்ட பெல் ஆலையிலும் அரமும் அளவுகோலும் பிடித்துப் பழகிய கைகள் அநேகமாக ஒவ்வொரு தெருவிலும் இருந்தமையால், திருச்சிராப்பள்ளியில் இந்த வித்தைக்குக் குருமார்களுக்கும் பஞ்சமில்லை.

எனக்கு குரு உறையூரிலிருந்த பெரியப்பா. 1977 நவம்பர் 12-ஆம் தேதிப் புயலில் கோரையாறும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் பெருகி ஊருக்குள் புகுந்தபோது, அவருடைய புல்லட் இருக்கை மட்டத்துக்கு முழுகிற்று. வெள்ளம் வடிந்து, நடைச் சேற்றை வழித்துக் கொட்டிய மறுநாள் அவர் கார்புரேட்டரைக் கழற்றினார். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானதாகையால் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்தின் அடியில் போய்த் தங்கும். ஜெட்டு இருப்பதும் அங்கேதான். ஆகவே யந்திரம் பெட்ரோலுக்குப் பதிலாகத் தண்ணீரைக் குடித்து நின்றுவிடும். வண்டலைக் கழுவிய பின்னும் ஜெட்டின் அடைப்பு அகலாததைக் கண்டு, அருகிலிருந்த நான் கிளட்ச் கேபிளிலிருந்து ஓர் இழையைப் பிரித்து நீட்டினேன்.

"கம்பியை விடாதேடா, ஓட்டை பெருத்துடும். ஊறப்போடு, அப்புறம் ஊது" என்றார் பெரியப்பா.

அந்த இரண்டு வாக்கியங்களில் இந்த சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்தது. அந்த வண்டியில் இருந்தது அமால் கார்புரேட்டர். இங்கிலாந்தில் மூன்று கம்பெனிகள் 1927-இல் ஒன்றாகிப் பிறந்த பெயர் அது. அதன் பிரதான ஜெட்டின்மேல் பொறித்த எண், குறிப்பிட்ட அழுத்தத்தில் ஒரு நிமிஷத்தில் அதன் வழியே எத்தனை கன சென்டிமீட்டர் பெட்ரோல் பாயும் என்பதைக் குறிப்பது. இவ்வளவு சூக்ஷ்மமாக அளந்து துளைத்த பித்தளையை எஃகுக் கம்பியால் குடைந்தால், எண் மாறாமல் அளவு மட்டும் மாறிவிடும். வண்டி கிளம்பும், ஆனால் பிளக் கரிபிடிக்கும், மைலேஜ் விழும். பெரியப்பா ஜெட்டைத் தகரக் குவளையில் பெட்ரோல் ஊற்றி இரவெல்லாம் ஊறவைத்தார், அதுவும் சமையலறை அடுப்புக்கு வெகு தூரத்தில், மாட்டுக் கொட்டகைக்கு அப்பால். காலையில் சைக்கிள் பம்பின் வாயை வைத்து நான்கு முறை அழுத்தினார். கிண்ணத்தில் பெட்ரோலை நிரப்பும் டிக்ளர் பொத்தானை அமுக்கிப் பெட்ரோல் சொட்டியதும் உதைத்தார். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது.

எண்பதுகளில் ஜப்பானியரின் கூட்டுறவோடு வந்த சிறு வண்டிகளில் ஜெட்டுகளும் சிறுத்தன. மந்தகதிக்கு உரிய ஸ்லோ ஜெட்டின் துவாரம் அரை மில்லிமீட்டரும் இராது. கோபுரத்துப் புறாவின் இறகுத் தூசி போதும் அதை அடைக்க. ஓடும்போது சமர்த்தாக ஓடி, மெயின்கார்டு கேட் அருகே நெரிசலில் ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் அணைந்துபோகும் வண்டிக்கு நோய் அங்கேதான். ஸ்ரீரங்கத்தில் இந்நோய்க்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது: பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போனார்கள், வண்டிகள் ரேழியில் நின்றன, கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சிய பிசின் ஜெட்டில் உறைந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி அமலாகி, பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டரின் ஸ்தானத்தை மின்னணு இன்ஜெக்டர் பிடித்துக்கொண்டது; அதைக் கொல்லையில் பிரித்துப் போடுவாரில்லை. ஆயினும் பழைய வண்டிகள் நம் தெருக்களில் இன்னும் எத்தனையோ ஓடுகின்றன, அவற்றுக்கு வார்க்கும் பெட்ரோலிலோ இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது, அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் சுபாவமுடையது. ஆகையால் அப்படியொரு வண்டியை வைத்திருப்பவர்கள், மாதக்கணக்கில் வெளியூர் போவதாயிருந்தால், முதல் நாளே பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, வண்டி தானாக அணையும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.