வந்து சேராத கடிதங்கள்

மின்னஞ்சலை வடிகட்டும் எந்த ஏற்பாடும் இருவகையான தவறுகளைச் செய்யக்கூடும். வேண்டாத விளம்பரத்தை உள்ளே விட்டுவிடுவது ஒன்று. வரவேண்டிய கடிதத்தைக் குப்பை என்று கருதித் தடுத்துவிடுவது மற்றையது. முதலாவது தவறு எமது கண்ணில் படுகிறது, எரிச்சலூட்டுகிறது, ஒரு விசையைத் தட்டியதும் மறைந்துவிடுகிறது. இரண்டாவது தவறை எவரும் காண்பதில்லை. கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அனுப்பியவர் நினைக்கிறார். அவர் எழுதவேயில்லை என்று பெறவேண்டியவர் நினைக்கிறார். ஸ்பாம் எனப்படும் குப்பை அஞ்சலுக்கு எதிரான அரை நூற்றாண்டு காலப் போராட்டத்தில் உண்மையான சிக்கல் இந்த இரண்டாவது தவறில்தான் இருந்துவந்திருக்கிறது.

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் 1975 நவம்பரிலேயே ஜோன் பொஸ்டல் இப்பிரச்சினை குறித்து ஒரு சிறு குறிப்பை எழுதினார். வேண்டாத செய்திகளை அனுப்பும் கணினியிடமிருந்து வருபவற்றை ஏற்க மறுக்கும் வழி பெறும் கணினிக்கு இல்லை என்பதே அவர் சுட்டிக்காட்டிய குறைபாடு. 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்குயிப்மென்ட் கொம்பனியின் விற்பனை அதிகாரி கெரி தேர்க், புதிய கணினிகளின் அறிமுகக் காட்சிக்கு அழைப்பு விடுத்து அவ்வலையமைப்பைச் சேர்ந்த சுமார் 400 பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினார். அதுவே முதலாவது ஸ்பாம் என்று இன்று கூறப்படுகிறது.

மறுப்பதற்கான வலுவான கருவி 1997 இல் வந்தது. போல் விக்ஸியும் அவரது சகாக்களும் குப்பை அஞ்சலுக்கு இடமளிக்கும் கணினிகளின் இணைய முகவரிகளைக் கொண்ட கறுப்புப் பட்டியல் ஒன்றைப் பேணத் தொடங்கினர். அஞ்சல் சேவர் ஒன்றின் கதவைத் தட்டுபவரின் முகவரி அதில் இருந்தால் கதவு திறக்காது. கடிதத்தை வாசிக்க வேண்டிய அவசியமே இல்லாததால் இம்முறை வேகமானது, மலிவானது. ஆனால், அது தனிமனிதரையன்றி முகவரியையே தண்டித்தது. ஒரே சேவரைப் பகிர்ந்துகொண்ட ஆயிரம் பேரில் ஒருவர் குற்றமிழைத்தாலும் ஏனையோரின் கடிதங்களும் நின்றுபோயின.

அத்தகைய பட்டியல்களை நம்பியிருப்பதன் ஆபத்து 2003 ஆகஸ்ட்டில் அம்பலமானது. தொடர்ச்சியான இணையத் தாக்குதல்களுக்கு ஆளாகியிருந்த ஒசிருசொவ்ட் என்ற பட்டியல் சேவை மூடப்பட்டபோது உலகின் சகல முகவரிகளையும் அது ஸ்பாம் என அறிவித்தது. அதனை நம்பியிருந்த சேவர்கள் வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் திருப்பியனுப்பின.

2004 டிசம்பர் அளவில் அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து வந்த மின்னஞ்சல்களைத் தடுத்தது. வாடிக்கையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2006 இல் வழக்கு இணக்கத்தில் முடிவுற்றது. ஒரு சகோதரன் பாரிஸிலும் மற்றவன் நியூயோர்க்கிலுமாகச் சிதறி வாழும் எம்மவர்களுக்கு இத்தகைய தடை எதனை அர்த்தப்படுத்தும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

முகவரியை விடுத்து உள்ளடக்கத்தைப் பார்த்துத் தீர்மானிப்போம் என்ற சிந்தனையும் சமகாலத்தில் வளர்ந்தது. 1998 இல் மைக்ரோசொப்டையும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு ஸ்பாமை இனங்காணும் முறையொன்றை முன்வைத்தனர். இரு தவறுகளும் சமமானவையல்ல என்பதை உணர்ந்த அவர்கள், 99.9 சதவீத நிச்சயம் இருந்தால் மாத்திரமே ஒரு கடிதத்தைக் குப்பை என்று கொள்ளவேண்டும் என வரையறுத்தனர். 2002 ஆகஸ்ட்டில் இதேவழியில் எழுதிய போல் கிரஹாம், நல்ல கடிதங்களில் காணப்படும் சொற்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் கணக்கிட்டார். சந்தேகத்தின் பலனை எதிரிக்கு வழங்கும் நீதிமன்ற மரபை ஒத்த ஏற்பாடு அது. ஒவ்வொருவரும் தமது கடிதங்களைக் கொண்டே வடிகட்டியைப் பழக்கவேண்டும் என்பதும் அவரது வாதம். ஆங்கிலத்தை மாத்திரம் கற்ற வடிகட்டிக்குத் தமிழ்க் கடிதம் ஒன்று அந்நிய எழுத்துக்களின் கூட்டமாகத் தோன்றக்கூடும் என்பதால் அதில் எமக்கும் அக்கறை உண்டு.

இயந்திரத்தின் தீர்ப்பு மனிதன் எழுதிய விதியைவிடச் சிறந்ததாக இருக்கமுடியாது. ஸ்பாம்அசாசின் என்ற புகழ்பெற்ற மென்பொருள் ஒவ்வொரு குறைக்கும் புள்ளியிட்டு, வழமையாக 5 புள்ளிகளை எட்டும் கடிதத்தை ஸ்பாம் என முத்திரை குத்தும். வெகுதொலைவிலுள்ள எதிர்காலத் திகதியைத் தாங்கிய கடிதம் சந்தேகத்துக்குரியது என்பது அதன் விதிகளில் ஒன்று. அதனை எழுதியவர்களுக்கு 2010 வெகுதொலைவாகத் தெரிந்தது. 2010 ஜனவரி முதலாம் திகதி பிறந்தபோது, சரியான திகதியைத் தாங்கியிருந்த ஒரே காரணத்துக்காகக் கடிதங்களுக்குத் தண்டனைப் புள்ளிகள் விழுந்தன.

தவறே செய்யாத வடிகட்டி சாத்தியமில்லை என்றால், தவறு வெளியில் தெரியும்படி செய்வதே நேர்மையான வழி. மின்னஞ்சலுக்கான நெறிமுறை 1982 முதல் அதற்கு இடமளித்தே வந்திருக்கிறது. அனுப்பும் சேவர் தொடர்பில் இருக்கும்போதே பெறும் சேவர் மறுப்பைக் கூறிவிட்டால், அக்கடிதம் ஏற்கப்படவில்லை என்ற செய்தி எழுதியவருக்குப் போய்ச் சேரும். அவர் வேறு வழியைத் தேடலாம். ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பியனுப்புவது உதவாது. ஸ்பாம் அனுப்புவோர் பிறரின் முகவரியைப் போலியாக இடுவதால் நிரபராதி ஒருவரின் பெட்டியே நிரம்பும். ஏற்றுக்கொண்டு சத்தமின்றி அழித்துவிடுவது எல்லாவற்றிலும் மோசமானது. அது மிகவும் ஆபத்தானது என்றும் கடிதம் ஒன்றில் சேர்ப்பிக்கப்படும் அல்லது திருப்பியனுப்பப்படும் என்ற நீண்டகால மரபை மீறுவது என்றும் 2008 இல் திருத்தப்பட்ட நெறிமுறை எச்சரிக்கிறது.

அவசரகாலச் சட்டத்தின் கீழ் தணிக்கை நடைமுறையிலிருந்த நாட்களில், வெட்டப்பட்ட செய்தியின் இடத்தை வெறுமையாகவே விட்டு அச்சிட்ட பத்திரிகைகள் இலங்கையில் இருந்தன. எது வெட்டப்பட்டது என்று வாசகர்களுக்குத் தெரியாது. ஏதோ வெட்டப்பட்டது என்பதாவது தெரிந்தது. பத்திரிகைத்துறையில் காலங்கழித்த எனக்கு மறுப்புச் செய்தியும் அந்த வெற்றிடமும் ஒன்றாகவே தோன்றுகின்றன.

2024 பெப்ரவரியில் கூகிளும் யாஹுவும் பெருமளவில் அஞ்சல் அனுப்புவோர் தமது அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்றும் ஸ்பாம் முறைப்பாடுகள் 0.3 சதவீதத்துக்குக் கீழ் இருக்கவேண்டும் என்றும் நிபந்தனை விதித்தன. நியாயமான நிபந்தனைகளே அவை. ஆனால், கோடிக்கணக்கானோரின் வாசலில் காவல் நிற்கும் அதிகாரம் ஒருசில நிறுவனங்களின் கைகளுக்குப் போயிருக்கிறது. அவர்கள் எத்தனை குப்பைகளைத் தடுத்தார்கள் என்பதைவிட, தடுத்தபோது அதை எழுதியவருக்குச் சொன்னார்களா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.