கிர் வனமும் ஆசியச் சிங்கமும்: ஒரு தேசியப் பூங்காவின் வரலாறு

இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய ஸ்ரீ வர்த்தமான மகாவீரரின் திருவுருவப் பீடத்தில் சிங்கம் இலாஞ்சனமாகப் பொறிக்கப்பட்டிருப்பதை ஜினாலயங்கள்தோறும் காணலாம். அச்சிங்கம் இன்று ஆசியக் கண்டம் முழுவதிலும் இயற்கையாகத் திரிந்து வாழும் இடம் ஒன்றே. அது குஜராத் மாநிலத்தின் சௌராஷ்டிரப் பகுதி. அதன் நடுநாயகமாக விளங்குவது கிர் தேசியப் பூங்கா. அழிவின் விளிம்புவரை சென்ற ஓர் உயிரினம் அங்கு மீண்ட வரலாறு பெருமைக்குரியது, எச்சரிக்கை தருவதும்கூட.

முற்காலத்தில் ஆசியச் சிங்கம் மேற்காசியாவிலிருந்து பாரசீகம் வழியாக வட இந்தியா வரை பரவியிருந்தது. இந்தியாவில் அதன் தெற்கெல்லை நருமதை ஆறு. காடுகள் விளைநிலங்களாக மாறின. துப்பாக்கி பரவியபின் வேட்டை பெருகியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் சௌராஷ்டிரத்திற்கு வெளியே இந்தியாவில் சிங்கம் இல்லாமற் போயிற்று.

வேட்டைக்களம் காப்பிடமாயிற்று

எஞ்சிய சிங்கங்கள் வாழ்ந்த கிர் காடு ஜூனாகத் நவாபின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1900ஆம் ஆண்டில் ஜூனாகத் வந்த வைசிராய் கர்சன் பிரபு, சிங்க வேட்டைக்கு அழைக்கப்பட்டும் அதனைத் தவிர்த்தார். அவற்றைக் காக்குமாறு நவாபுக்கு அறிவுறுத்தினார். நவாபுகள் வேட்டைக்குக் கடுந்தடை விதித்துக் காவலைத் தொடர்ந்தனர். அதன் பயனாக, 1936ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 287 சிங்கங்கள் இருப்பதாக அறியப்பட்டது. இமயமலை அடிவாரத்தில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஹெய்லி தேசியப் பூங்கா என அன்று பெயர்பெற்ற அதுவே இன்றைய கார்பெட் தேசியப் பூங்கா.

எனினும் ஆட்சியாளரின் ஆணை ஒன்றே போதுமானதாக இல்லை. விடுதலைக்குப் பின் காட்டைச் சுற்றி வேளாண்மை விரிந்தது, மேய்ச்சல் மிகுந்தது. கால்நடைகளை இழந்தவர்கள், சிங்கம் கொன்ற விலங்கின் உடலில் நஞ்சிட்டதும் உண்டு. 1965இல் கிர் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட போதிலும், 1968ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 177 சிங்கங்களே இருந்தன.

சட்டமும் குடிபெயர்வும்

1972இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சரணாலயத்தில் மேய்ச்சல் போன்ற சில உரிமைகளை வரையறையுடன் அனுமதிக்கலாம். தேசியப் பூங்காவிலோ அவற்றுக்கு இடமில்லை. 1975இல் கிர் காட்டின் நடுப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டது. இன்று சரணாலயமும் பூங்காவும் சேர்ந்து ஏறத்தாழ 1,412 சதுர கிலோமீட்டர். அதில் பூங்கா ஏறத்தாழ 258 சதுர கிலோமீட்டர்.

இக்காப்புக்கு விலை கொடுத்தவர்கள் மால்தாரிகள். தலைமுறை தலைமுறையாக எருமைகளோடு காட்டினுள் ‘நெஸ்’ எனப்படும் சிற்றூர்களில் வாழ்ந்த மேய்ப்பர்கள் அவர்கள். அன்று அங்கிருந்த 800க்கும் மேற்பட்ட குடும்பங்களில் பெரும்பகுதி வெளியே குடியமர்த்தப்பட்டது. உழவுக்கு நிலம் அளிக்கப்பட்டதாயினும், மேய்ச்சலை அன்றி வேறு தொழில் அறியாத பலர் அல்லலுற்றனர். காட்டில் புல் தழைத்தது. புள்ளிமானும் கடமானும் பெருகின. கால்நடைகளையே பெரிதும் நம்பியிருந்த சிங்கம் காட்டிரைக்குத் திரும்பியது. கிர் காட்டின் வெற்றியைப் போற்றும்போது, இம்மக்களின் இழப்பையும் நினைவுகூர்வதே நடுவுநிலைமை.

1990இல் 284 ஆக இருந்த எண்ணிக்கை 2020இல் 674 ஆகவும், 2025இல் 891 ஆகவும் உயர்ந்தது. இவற்றுட் பல இன்று பூங்காவின் எல்லைக்கு வெளியே வயல்களிலும் தோப்புகளிலும் உலவுகின்றன. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியையும் நீல்காயையும் வேட்டையாடுவதால் உழவர் பலர் சிங்கத்தைப் பகையாகக் கருதுவதில்லை. அவை தவறி விழாதிருக்க, ஆயிரக்கணக்கான திறந்த கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பப்பட்டுள்ளது.

ஓரிடத்தே வாழும் அபாயம்

1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில், நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோய் பரவி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களை அழித்தது. 2018இல் அதே நோய் கிர் காட்டிலும் தோன்றியது. சில வாரங்களில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தன. ஓர் இனம் முழுவதும் ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தால், ஒரு கொள்ளைநோயே அதனை வேரறுக்கக் கூடும்.

இதனை முன்னுணர்ந்தே மத்தியப் பிரதேசத்தின் கூனோ வனம் இரண்டாம் இருப்பிடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சிங்கத்தின் வருகைக்காக அங்கிருந்த 24 சிற்றூர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். குஜராத் அரசு சிங்கங்களை அளிக்க இசையவில்லை. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இடமாற்றத்திற்கு ஆணையிட்ட பின்னரும் அது நிறைவேறவில்லை. 2022இல் கூனோவுக்கு வந்தவை ஆப்பிரிக்கச் சீட்டாக்களே. இதற்கிடையே, சௌராஷ்டிரத்திற்குள்ளேயே உள்ள பர்டா மலைக்காட்டில் சிங்கங்கள் தாமாகவே குடியேறி வருகின்றன. அது நற்செய்தியே, ஆயினும் நோய்க்கு எட்டாத தொலைவில் மற்றுமோர் இருப்பிடம் வேண்டும் என்னும் தேவை தீரவில்லை. சிங்கம் தங்கள் மண்ணின் பெருமை என்று சௌராஷ்டிர மக்கள் கருதுவது இயல்பு. அப்பெருமையே அவ்வினத்தின் நீடுவாழ்வுக்குத் தடையாகிவிடலாகாது.

கிர் காட்டுக்கு வடக்கே, ஜூனாகத் நகரை ஒட்டி எழுந்து நிற்பது ஸ்ரீ நேமிநாதர் வீடுபேறு எய்திய ஊர்ஜயந்தகிரியாகிய கிர்நார். தம் மணவிருந்துக்காக அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலம் கேட்டு உலகைத் துறந்தவர் அப்பெருமான். அம்மலையைச் சூழ்ந்த காடும் 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கும் இன்று சிங்கங்கள் வாழ்கின்றன. ஆயிரக்கணக்கான படிகளேறித் தரிசனம் செய்யும் யாத்திரிகர், ஒரு பிளாஸ்டிக் பையையும் அக்காட்டில் விட்டு வராதிருப்பாராயின், அதுவும் உயிரிரக்கமே. ஆணையும் சட்டமும் காட்டுக்கு எல்லை வகுக்கும். அதனைக் காத்து நிற்பது மக்களின் அன்றாட ஒழுக்கமே.