வில்மரமும் வேலிமரமும்

வில்லைப் பற்றிப் பேசுவோர் எய்தவன் திறனைப் புகழ்வர். அம்பின் கூர்மையைப் புகழ்வர். வில்லைத் தந்த மரத்தை நினைப்போர் சிலரே. ஆயினும், ஒரு வில் நிலைக்குமா முறியுமா என்பது பெரும்பாலும் மரந்தெரியும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. இதனை நன்குணர்ந்திருந்தோர் வட அமெரிக்காவின் பழங்குடி மக்கள். அவர்கள் தேடிச் சென்ற மரமொன்றின் வரலாற்றில், அவர்தம் நிலத்தின் வரலாறும் அடங்கியிருக்கிறது.

இன்று ரெக்சாஸ், ஒக்லகோமா, ஆர்க்கன்சா என வழங்கும் மாநிலங்கள் அணுகும் செவ்வாற்றுப் பள்ளத்தாக்கே அம்மரத்தின் தாயகம். பிரெஞ்சு வணிகர் அதற்கு வில்மரம் எனப் பொருள்படும் 'புவா டார்க்' என்னும் பெயரை இட்டனர். ஆங்கிலத்தில் அது ஒசேஜ் தோடை எனப்படும். பெயரில் தோடை இருப்பினும் தோடைக்கும் அதற்கும் உறவில்லை. பலா, ஈரப்பலா, முசுக்கட்டை ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது அது. கீறினாற் பால் வடியும்; காயின் தோல் கரடுமுரடாயிருக்கும்; வைரம் பலாப்பலகையைப் போல மஞ்சளாயிருந்து நாளடைவிற் கபில நிறம் பெறும். உலர்ந்த பின்னரும் கனவடி ஒன்று 50 இறாத்தலுக்கு மேல் நிறைகொள்ளும்.

1804 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மேற்றிசைப் பயணத்துக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த மெரிவெதர் லூவிஸ் என்பார், சென் லூயி நகரிலிருந்து சனாதிபதி ஜெபர்சனுக்கு இம்மரத்தின் வெட்டுத்துண்டுகளை அனுப்பினார். வில்லுக்காக இம்மரத்தை நாடிப் பழங்குடியினர் பல நூறு மைல் செல்வர் என அவர் தம் கடிதத்தில் எழுதினார். 1809 முதல் 1811 வரை அந்நிலப்பகுதிகளிற் பயணஞ்செய்த தாவரவியலறிஞர் ஜோன் பிராட்பரி, வடக்கே மிசூரி ஆற்றங்கரையில் வாழ்ந்த அரிக்கார மக்களிடையே இம்மரத்து வில் ஒன்றின் விலை ஒரு குதிரையும் ஒரு கம்பளியும் எனக் குறித்துள்ளார்.

இத்துணை விலை கொடுத்தற்குக் காரணம் மரத்தின் வன்மை மட்டுமன்று. அதனைப் பக்குவப்படுத்தும் அருமையுமாகும். வில்வினைஞர் முதலிற் பட்டையின் வரிகளை நோக்குவர். வரி நேராக ஓடின் உள்ளிழையும் நேராக ஓடும். வரி முறுக்கிச் செல்லின் அம்மரம் விலக்கப்படும். முடிச்சுகள் மிகுந்ததும் ஆகாது. வெட்டிய மரத்தை ஆப்பறைந்து பிளப்பர். பிளவு இழையின் வழியே செல்லுமாதலின், வில்லின் நீளம் முழுவதும் இழை அறாதிருக்கும். பின் முனைகளிற் கொழுப்போ பசையோ பூசி, நிழலில் மெல்ல உலரவிடுவர். விரைந்துலர்ந்தால் மரம் வெடிக்கும். ஆகவே மாதங்கள், சிலபோது ஆண்டுகள், காத்திருத்தல் வேண்டும்.

அடுத்தது மிக நுண்ணிய வேலை. மரத்தில் ஆண்டுக்கொரு வளையம் உண்டு. வளையத்தில், வசந்தத்தில் வளர்ந்த பகுதி துளை நிறைந்து மெலிந்திருக்கும். கோடையில் வளர்ந்த பகுதி செறிந்து வலுத்திருக்கும். வில் வளையும்பொழுது எய்பவனுக்கு எதிர்ப்புறமுள்ள முதுகு இழுபடும். அவனை நோக்கிய வயிறு நெருக்குண்ணும். இழுபடும் முதுகில் இழை அறுபட்டிருந்தால் அவ்விடத்திலேயே வில் பிளக்கும். ஆதலின் வெளிறு முழுவதையும் நீக்கி, வைரத்தில் ஒரே ஆண்டின் வளையத்தைத் தேர்ந்து, முனை முதல் முனை வரை அதனைச் சிறிதும் காயப்படுத்தாது வெளிக்கொணர்வர். வயிற்றுப்புறத்தைச் சிறிது சிறிதாகச் சுரண்டி, வளைத்துப் பார்த்து, மீண்டும் சுரண்டி, இரு கைகளும் ஒத்து வளையச் செய்வர். கூடச் சுரண்டிய மரத்தை மீட்டும் ஒட்ட வழியில்லை.

இம்மரத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வேறொரு பயன் வந்தது. மரஞ்செறியாத புல்வெளிகளிற் குடியேறிய உழவர், பயிருக்கு வேலியின்றி இடருற்றனர். முள் நிறைந்த ஒசேஜ் தோடையை நெருக்கமாக நட்டு வெட்டிவந்தால் மாடும் பன்றியும் நுழையா அரணாகும் எனக் கண்டனர். இல்லினோய், கன்சாஸ் முதலிய இடங்களிற் பல்லாயிரம் மைலுக்கு இவ்வேலி எழுந்தது. மரத்துக்குத் தம் பெயரை ஈந்த ஒசேஜ் மக்களோ, 1808, 1818, 1825 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் நிலத்தைப் படிப்படியாக இழந்து, எஞ்சிய கன்சாஸ் நிலத்தையும் விட்டு 1870களில் இன்றைய ஒக்லகோமாவிற் குடியமர்ந்தனர். அவர்கள் நீங்கிய நாட்டில் அவர்களின் வில்மரமே எல்லை வேலியாய் நின்றது.

1874 இல் ஜோசப் கிளிடன் முட்கம்பிக்கு உரிமம் பெற்றபின் உயிர்வேலியின் தேவை குறைந்தது. ஆனால் எளிதில் உழுத்துப்போகாத அதே மரம், அக்கம்பியைத் தாங்கும் கட்டையாயிற்று. இன்று மரபுவழி வில்செய்வோர் பழைய வேலிகளில் நேரிழையோடிய அடிமரத்தைத் தேடிச் செல்கின்றனர். ஒருவருக்கு வேட்டையின் துணை, மற்றொருவருக்கு நிலத்தின் காவல், மரம் ஒன்றே. அதன் வளையங்களை ஆண்டாண்டாக எண்ணி வாசிக்கக் கற்ற அறிவோ, நிலத்தை இழந்த மக்கள் உலகுக்கு விட்டுச்சென்ற செல்வமாகும்.