ஒற்றைக் கியரும் எல்லைச் சாலையும்

பழைய சைக்கிளின் கியரைக் கழற்றி ஒற்றைக் கியராக்குவது இன்று பெருநகரங்களில் ஒரு ரசனை. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர் இந்த ரசனையைப் பின்னோக்கி ஏற்றிப் பார்க்கலாகாது. அங்கே ஒற்றைக் கியர் எவருடைய விருப்பமும் அன்று.

ஆங்கிலேய ராலே, ஹம்பர் வண்டிகள் சிலவற்றின் பின்சக்கரக் குடத்துக்குள் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் இருந்தது. 1936இல் வந்த அதன் புகழ்பெற்ற வடிவத்தில் நடுக்கியர் நேரடியானது; கீழ்க்கியர் அதன் முக்கால் பங்கு, மேல்கியர் ஒன்றேகால் பங்குக்குச் சற்று அதிகம். கம்பிவடம் அறுந்தால் வண்டி தானாக மேல்கியருக்குப் போய்விடும். மூட்டையோடு ஏற்றத்தில் நிற்பவனுக்கு இதைவிடப் பெரிய துரோகம் இல்லை. வடம் தளர்ந்தாலோ, நடுவுக்கும் மேலுக்கும் இடையே பிடிமானமற்ற ஒரு நிலை. எழுந்து நின்று மிதிப்பவரின் கால் வெறுமையில் இறங்கும். மாற்று உறுப்பு கிடைக்காத ஊரில் குடத்தையே மாற்றுவதுதான் வழி. ரிம்மில் 40 துளை, உள்நாட்டுப் பின்குடத்திலும் 40. ஆகவே ரிம்மை வைத்துக்கொண்டு கம்பிகளை மட்டும் புதிதாகக் கோத்தால் போதும். பின்கவையின் திறப்பு கிடைவாட்டில் இருப்பதால், சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தே செயினை இறுக்கிக்கொள்ளலாம்.

விடுதலைக்குப் பின் இதே மாற்றத்தைத் தொழிற்சாலைகளே செய்து முடித்தன எனலாம். 1949இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ், 1956இல் லூதியானாவில் எழுந்த ஹீரோ ஆகியவற்றின் கறுப்பு வண்டிகள் பெரும்பாலும் ஒற்றைக் கியரே. முன்னே 44 பல், பின்னே 18 பல், 28 அங்குலச் சக்கரம் என்றால் ஒரு மிதிச்சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். சமவெளிக்கு ஏற்ற கணக்கு. செம்புறாங்கல் மேடுகள் ஏறியிறங்கும் நெய்யாற்றின்கரைக்கு அன்று.

அதே 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழ் பேசும் குடும்பங்கள் இருபுறமும் இருந்தன. 1964இல் மாநிலத்துக்கொரு உணவு மண்டலம் என்றானதும், களியக்காவிளைச் சாலையில் அரிசி சட்டப் பிரச்சினையாயிற்று. லாரி சோதனைச்சாவடியில் நிற்கும். சைக்கிள் ஊடுவழியில் போகும். ஏற்றத்தில் தள்ளுவது, இறக்கத்தில் ஏறி மிதிப்பது. இல்லாத கீழ்க்கியரின் வேலையை மனிதக் கால்களே செய்தன என்பது என் வாதம்.

இந்தியாவின் அன்றாட இயந்திரங்கள் பற்றி டேவிட் அர்னால்டு 2013இல் வெளியிட்ட நூல் சைக்கிளையும் அரிசி ஆலையையும் ஒருசேர ஆராய்கிறது. இவ்விரண்டும் ஒரே கேரியரில் சந்தித்த எல்லைப்புறம் தனி ஆய்வுக்குரியது. களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் பழைய வண்டியைக் கண்டால் குறுக்குத்தண்டைப் பாருங்கள். கியர் வடம் ஓடிய சிறு உருளையோ, அதன் பட்டை பதிந்த தடமோ இருந்து, பின்னே சாதாரண பிரீவீல் இருந்தால், அந்தக் குடம் எப்போது, எந்தக் கடையில் மாறியது என்று கேளுங்கள்.