சுவிட்சர்லாந்தில் ஹலால் இறைச்சி

ஹலால் என்ற அரபுச் சொல்லுக்கு இஸ்லாமிய நெறி அனுமதித்தது என்பது பொருள். இறைவனின் பெயரைக் கூறி, உயிருள்ள விலங்கின் கழுத்தை அறுத்துக் குருதியை வடியவிட்ட இறைச்சியே ஹலால் ஆகும்.

சுவிட்சர்லாந்தில் இதற்குத் தடையான சட்டம் முஸ்லிம்களை எண்ணி இயற்றப்பட்டதன்று. 1893 ஆகஸ்டு 20 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில், விலங்குகளை மயக்கமூட்டாமல் அறுப்பது தடை செய்யப்பட்டது. விலங்கு நலன் காரணமாகக் கூறப்பட்டாலும், யூதர் மீதான வெறுப்பும் அதன் பின்னணியில் இருந்தது. 1960களுக்குப் பின் துருக்கி, யூகோசுலாவியா ஆகிய நாடுகளிலிருந்து வேலைக்கு வந்த முஸ்லிம்களையும் அத்தடை கட்டுப்படுத்தியது. 1973 இல் அரசியலமைப்பின் அப்பிரிவு மாற்றப்பட்டபோதும், 1978 ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடையைத் தொடர்ந்தது.

இன்று இத்தடை ஆடு, மாடு போன்ற பாலூட்டிகளுக்கே உரியது. சமய முறைப்படி கோழி அறுக்க அனுமதி உண்டு. வெளிநாட்டு ஹலால் இறைச்சியை அரசு வரையறுக்கும் அளவுக்குள் இறக்குமதி செய்யலாம். மயக்கமூட்டியபின் அறுத்த இறைச்சி ஹலாலா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஆகவே அங்கு வாழ்பவரும் பயணம் செய்பவரும் ஹலால் என்ற பலகையை மட்டும் நம்பாமல், இறைச்சி எங்கிருந்து வந்தது, எவ்வாறு அறுக்கப்பட்டது என்று கடைக்காரரிடம் கேட்டறிவது நல்லது.